பிராட்வே நாடகம் பார்த்து நடிகர்களையும் சந்திக்க வேண்டுமா? எந்த வழி யாருக்குச் சரி

போன கோடையில் என் அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். கல்லூரி இசைக்குழுவில் பாடுகிறவள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினாள். அதில் நியூயார்க்கில் நாடகம் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு மாலை. அவள் கேட்டது இரண்டு விஷயம். ஒரு பிராட்வே இசை நாடகம், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் நடக்கும் ஒன்று, பார்க்க வேண்டும். முடிந்ததும் அதில் பாடினவர்களில் ஒருவரிடமாவது ஒரு நிமிடம் பேச வேண்டும். "வாரத்துக்கு எட்டு ஷோ எப்படிப் பாடுறாங்க சித்தி? தொண்டை என்னத்துக்கு ஆகும்? அதைத்தான் கேட்கணும்" என்றாள்.

டிக்கெட்டுக்கு இருவருக்கும் சேர்த்து 200 டாலர் ஒதுக்கினேன். நல்ல நாடகமாகப் பார்த்து டிக்கெட் எடுத்தால் போதும், சந்திப்பு தானாக நடந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். தேடத் தேட வேறு மாதிரி தெரிந்தது. எந்த நாடகம், எந்த அரங்கு, எந்தக் கிழமை, மதியமா இரவா என்ற ஒவ்வொரு தேர்வும் சந்திப்பு நடக்குமா நடக்காதா என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்மானித்துவிடுகிறது. டிக்கெட்டின் விலை மட்டும்தான் அதில் எந்தப் பங்கும் வகிப்பதில்லை. இதே கேள்வியோடு வருகிறவர்களுக்காக, நான் எதை எதோடு ஒப்பிட்டேன், ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஸ்டேஜ் டோர் பற்றி. கலைஞர்களும் ஊழியர்களும் அரங்குக்குள் போய் வரும் தனிக் கதவு அது. நாடகம் முடிந்ததும் பார்வையாளர்கள் அந்தக் கதவுக்கு வெளியே, நடைபாதையில் போட்டிருக்கும் இரும்புத் தடுப்புக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். நடிகர்கள் ஒப்பனையைக் கலைத்து, விக்கையும் மைக்கையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள். சிலர் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள், சிலருக்கு அரை மணி நேரம் ஆகும். தடுப்பை ஒட்டி நடந்துகொண்டே பிளேபில்லில் கையெழுத்துப் போடுவார்கள், கேட்டால் படம் எடுத்துக்கொள்வார்கள். பிளேபில் என்பது இருக்கைக்குப் போகும்போது இலவசமாகக் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். நடிகர்களின் பெயர், பாட்டுகளின் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும்.

இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் யாரும் வாக்கும் கொடுப்பதில்லை. திரை விழுந்ததோடு நடிகரின் வேலை முடிந்துவிடுகிறது. வெளியே வந்து கையெழுத்துப் போடுவது அவர் விருப்பத்தில் செய்வது. தொண்டை சரியில்லை என்றால், வீட்டில் கைக்குழந்தை காத்திருந்தால், மனம் களைத்திருந்தால் அவர் நேராகப் போய்விடலாம். கொரோனாவுக்காக 2020 மார்ச் 12 அன்று பிராட்வே முழுவதும் மூடப்பட்டது. இசை நாடகங்கள் திரும்பி வந்தது 2021 செப்டம்பரில். அதற்குப் பிறகும் நீண்ட நாட்கள் பல நாடகங்களில் ஸ்டேஜ் டோர் சந்திப்பு வேண்டாம் என்றே சொன்னார்கள். வழக்கம் மெல்லத்தான் திரும்பியது. இன்றும் நாடகத்துக்கு நாடகம், நடிகருக்கு நடிகர் இது மாறும். அதனால் "கட்டாயம் சந்திப்போம்" என்று குழந்தைகளிடம் சொல்லி அழைத்துப் போக வேண்டாம். வந்தால் சந்தோஷம் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

பெரிய அரங்கா, சிறிய அரங்கா

500 இருக்கைகளோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது பிராட்வே அரங்கு. அப்படி 41 அரங்குகள் இருக்கின்றன. லிங்கன் சென்டரில் இருக்கும் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் டைம்ஸ் ஸ்கொயரைச் சுற்றித்தான். பிராட்வே என்ற தெருவிலேயே வாசல் வைத்திருப்பவை சில மட்டும். மற்றவை குறுக்குத் தெருக்களில் இருக்கின்றன. அந்தச் சிலவற்றில் ஒன்றின் பெயரே பிராட்வே தியேட்டர். நம் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வந்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004 ஏப்ரல் முதல் 2005 ஜனவரி 1 வரை ஓடியது அங்கேதான். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். 41 அரங்குகள் என்றாலும் அளவில் அவை ஒன்றுபோல் இல்லை. 44ஆம் தெருவில் இருக்கும் ஹேய்ஸ் தியேட்டரில் சுமார் 600 பேர் உட்காரலாம். 2003 முதல் 'விக்கட்' இசை நாடகம் ஓடும் கெர்ஷ்வின் தியேட்டரில் 1,900 பேருக்கு மேல்.

கையெழுத்துக்கு நிற்கிறவர்களை மனதில் வைத்துப் பாருங்கள். 1,900 பேரில் பத்தில் ஒருவர் ஸ்டேஜ் டோருக்கு வந்தால்கூட 190 பேர். தடுப்பின் முதல் வரிசையில் அவ்வளவு பேருக்கு இடம் இருக்காது. 'லயன் கிங்' போன்ற நாடகத்தில் மேடையேறுகிறவர்களே நாற்பதுக்கு மேல். அவர்கள் முகமூடியும் பொம்மையுமாக வருவதால், வெளியே சாதாரண உடையில் வருகிறவர் எந்த வேடம் போட்டவர் என்றே நமக்குத் தெரியாது. 1997இல் தொடங்கிய அந்த நாடகத்தை இயக்குநர் ஜூலி டேமர் அமைத்த விதத்துக்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் பாட்டில் பார்வையாளர்களுக்கு நடுவே யானை நடந்து வரும்போது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் நடிகரோடு பேசுவதுதான் ஆசை என்றால் அது முதல் தேர்வு அல்ல.

'ஹாமில்டன்' இரண்டுக்கும் நடுவில். 46ஆம் தெருவில் ரிச்சர்ட் ராஜர்ஸ் தியேட்டர், சுமார் 1,300 இருக்கைகள். 2015இல் அது தொடங்கியபோது லாட்டரி என்ற குலுக்கலில் கிடைக்கும் 10 டாலர் டிக்கெட்டுக்காகத் தெருவில் கூடியவர்களுக்காக நடிகர்கள் வெளியே வந்து சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் செய்தார்கள். பத்து டாலர் நோட்டில் இருப்பது நாடகத்தின் நாயகனான, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் முகம் என்பதால்தான் அந்த விலை. கூட்டம் தெருவை அடைத்தபோது லாட்டரியை இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாடகத்தின் புகழ் கூடக் கூட நடிகர்களுக்கும் நமக்கும் நடுவே தூரமும் கூடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. சினிமா நட்சத்திரம் நடிக்கும் நாடகம் என்றால் அரங்கு சிறியதாக இருந்தாலும் வெளியே கூட்டம் பெருகும். நாடகமே பார்க்காதவர்களும் வந்து நிற்பார்கள். கையெழுத்து வாங்கி விற்பதற்காக அட்டைக் கட்டோடு வருகிறவர்களும் இருப்பார்கள். பல வருடம் முன்பு அப்படி ஒரு நாடகத்துக்கு வெளியே குளிரில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் கருப்புக் கார் ஒன்று வந்தது, நட்சத்திரம் கையசைத்தபடி ஏறிப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குள் இறங்கி வருவது யாருக்கும் பாதுகாப்பில்லை. அன்று கற்றுக்கொண்டது, எனக்குப் பேச வேண்டும் என்றால் நட்சத்திரம் இல்லாத மேடையைத் தேட வேண்டும் என்பதைத்தான்.

அப்படித் தேடியபோது இரண்டு நாடகங்கள் கடைசிவரை நின்றன. ஒன்று 'சிக்ஸ்', 47ஆம் தெருவில் லீனா ஹார்ன் தியேட்டரில். எட்டாம் ஹென்றி அரசரின் ஆறு மனைவிகளும் பாப் பாடகிகளாக வந்து பாடுகிறார்கள். இடைவேளை கிடையாது, 80 நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசிப் பாட்டை நாம் போனில் படம்பிடித்துக்கொள்ளவும் விடுகிறார்கள். பிராட்வேயில் இது அபூர்வம். நீண்ட நேரம் உட்கார முடியாத பிள்ளைகள் இருந்தால், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கில வசனம் தொடர்ந்து புரியாது என்ற தயக்கம் இருந்தால், இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இன்னொன்று 48ஆம் தெருவில் வால்ட்டர் கெர் தியேட்டரில் 2019 முதல் ஓடும் 'ஹேட்ஸ்டவுன்'. அரங்கில் ஆயிரம் இருக்கைகூட இல்லை. மேடையில் நடிக்கிறவர்கள் பதின்மூன்று பேர்தான்: ஐந்து முக்கியப் பாத்திரங்கள், விதியாக வரும் மூன்று பெண்கள், ஐந்து தொழிலாளர்கள். வாத்தியக்காரர்களும் பெரும்பாலும் மேடையிலேயே அமர்ந்து வாசிக்கிறார்கள். செத்துப்போன மனைவியைத் திரும்ப அழைத்துவரப் பாதாள உலகத்துக்குப் போகும் பாடகன் ஆர்ஃபியஸின் கிரேக்கக் கதை. பாட்டு, வரிகள், கதை மூன்றையும் எழுதியவர் அனாயிஸ் மிட்செல் என்ற ஒரே பெண். 2006இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு போட்ட சிறு நாடகம், 2019இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது எட்டு வாங்கியது. பாடுகிறவள் ஒருத்தி பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. ரசனையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கதவு வழியாக வரப்போகிறவர்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு முகத்தையும் நமக்கு அடையாளம் தெரியும். என் தேர்வு அது.

எந்தக் கிழமை, எந்தக் காட்சி

நாடகத்தைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையை யாரும் கிழமைக்குக் காட்டுவதில்லை. என் அனுபவத்தில் சந்திப்பைத் தீர்மானிப்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பிராட்வே நாடகம் வாரத்துக்கு எட்டு காட்சி. பெரும்பாலும் திங்கள் விடுமுறை. புதனும் சனியும் பொதுவாக இரண்டு காட்சி நாள், மதியம் இரண்டு மணி வாக்கில் ஒன்று, இரவு ஒன்று. ஞாயிறன்று மதியக் காட்சி இருக்கும். சில நாடகங்கள் அன்று மாலையும் ஆடுவார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் அட்டவணை வேறுபடும் என்பதால் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மதியக் காட்சியைத்தான் விரும்புகிறார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், குழந்தைகளுக்கும் சௌகரியம். ஆனால் இரண்டு காட்சி நாளில் மதியக் காட்சி நாலரை, ஐந்து மணிக்கு முடியும். அடுத்தது ஏழுக்கோ எட்டுக்கோ. நடுவில் இருக்கும் இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் நடிகர் சாப்பிட வேண்டும், கொஞ்சம் படுக்க வேண்டும், குரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பலர் ஒப்பனை அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. வருகிறவர்களும் சாப்பாடு வாங்க ஓடுவார்கள். அவர்களை நிறுத்திப் பேச எனக்கு மனம் வராது.

சனி இரவு? கூட்டம் அன்றுதான் அதிகம், விலையும் அன்றுதான் அதிகம், நடிகர்களுக்கும் அது அன்றைய இரண்டாவது காட்சி. ஞாயிறு மதியம் பரவாயில்லை. இரவுக் காட்சி இல்லாத ஞாயிறு என்றால் நடிகர்கள் ஓய்வு நாளை நோக்கி நிம்மதியாக வெளியே வருவார்கள். ஆனால் அந்த வாரத்தின் எட்டாவது காட்சியையும் பாடி முடித்த களைப்பும் இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது செவ்வாய் இரவு. திங்கள் ஓய்வு முடிந்து வருகிற முதல் காட்சி. குரல் தெளிவாக இருக்கும். பல நாடகங்கள் செவ்வாயன்று ஏழு மணிக்கே தொடங்குவதால் ஒன்பதரை வாக்கில் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலும் பென் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க முடியும். டிக்கெட்டும் வார இறுதியைவிட மலிவு. வியாழனும் கிட்டத்தட்ட இதேபோலத்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு மறுநாள் காலை கஷ்டம் என்பதைத் தவிர இதில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பருவமும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரியில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும், ஸ்டேஜ் டோரில் ஆளும் குறைவாக இருக்கும். அதற்குக் காரணம் குளிர்தான். வேர்க்க வேர்க்கப் பாடிவிட்டு வருகிறவர் அந்தக் காற்றில் நிற்பது தொண்டைக்கு நல்லதல்ல, அதனால் அவர்களும் சீக்கிரம் போய்விடுவார்கள். மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் இரண்டு பக்கத்துக்கும் சுகம்.

டிக்கெட்டில் எங்கே பணம் போடுவது

முன்வரிசை டிக்கெட் வாங்கினால் நடிகர்களைச் சந்திப்பது சுலபம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முன்வரிசையில் முகபாவம் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். ஸ்டேஜ் டோரில் யாரும் டிக்கெட்டைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. சொல்லப்போனால் பின்வரிசை ஓரத்தில் இருப்பவர் முதலில் வெளியே வந்து தடுப்பருகில் நின்றுவிடலாம். கைதட்டல் முடியும் முன்பே ஓடுவது மட்டும் தவறு. சந்திக்க ஆசைப்படும் அதே மனிதர்கள் மேடையில் வணங்கி நிற்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போவது எப்படிச் சரியாகும்?

அதனால் குறைந்த விலைக்குக் கிடைப்பதை வாங்குங்கள். டைம்ஸ் ஸ்கொயரில் 47ஆம் தெருப் பக்கம் சிவப்புப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் டி.கே.டி.எஸ் கவுன்ட்டர் 1973 முதல் இயங்குகிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துவது. அன்றன்றைய காட்சிகளுக்கு மிச்சமிருக்கும் டிக்கெட்டைப் பாதி விலை வரைக்கும் குறைத்துத் தருவார்கள். ரஷ் டிக்கெட் என்பது அரங்கிலேயே டிக்கெட் விற்கும் பாக்ஸ் ஆபீஸ் காலையில் திறக்கும்போது முதலில் வருகிறவர்களுக்குக் கொடுப்பது. பெரும்பாலும் 30 முதல் 50 டாலருக்குள் இருக்கும். 1996இல் 'ரென்ட்' நாடகக்காரர்கள் முதல் இரண்டு வரிசையை 20 டாலருக்கு இளைஞர்களுக்குக் கொடுத்ததிலிருந்து பரவிய வழக்கம் இது. டிஜிட்டல் லாட்டரியும் விலையில் இதே மாதிரிதான், கிடைப்பது அதிர்ஷ்டம்.

பல நாட்கள் ஊரில் இருப்பவர்களுக்கு லாட்டரியும் ரஷ்ஷும் சரி. எங்களுக்கு ஒரே மாலைதான் என்பதால் அதில் இறங்கவில்லை. பாக்ஸ் ஆபீசுக்கே நேரில் போய் பால்கனியில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். இணையத்தில் வாங்கும்போது சேரும் சேவைக் கட்டணம் மிச்சம். இருவருக்கும் 200 டாலருக்குள் அடங்கியது.

பணம் கட்டிச் சந்திப்பது

நிச்சயம் வேண்டும் என்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவரோடு கால் மணி, அரை மணி உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்து கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. டிக்கெட் விலைக்கு மேல் கணிசமாகக் கட்ட வேண்டும். எந்த நடிகர் வருவார் என்பது பெரும்பாலும் அவர்கள் கையில். கதாநாயகரை நினைத்துக்கொண்டு பணம் கட்டாதீர்கள். பள்ளியிலிருந்து இருபது மாணவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இது நல்ல வழி. தெருவில் இருபது பேரை நிறுத்துவதைவிட, ஓர் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கவிடுவது எவ்வளவோ மேல். இரண்டு பேருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பணம் கொடுப்பதாக இருந்தால் என் மனம் 'பிராட்வே கேர்ஸ்/ஈக்விட்டி ஃபைட்ஸ் எய்ட்ஸ்' பக்கம்தான் போகும். 1980களில் எய்ட்ஸ் இந்த நாடக உலகத்தில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. உடன் நடித்தவர்களுக்கு மருந்துக்கும் வாடகைக்கும் பணம் திரட்ட நாடக உலகத்தினரே தொடங்கிய முயற்சிகள்தான் பிறகு ஒன்று சேர்ந்து இந்த அமைப்பானது. ஆண்டில் இரண்டு பருவங்களில், நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வேடத்தோடேயே சிவப்பு வாளியை ஏந்தி வாசலில் நிற்பார்கள். போட்ட பணம் இரண்டு டாலராக இருந்தாலும் கண்ணைப் பார்த்து நன்றி சொல்வார்கள். சில இரவுகளில் மேடைக்குப் பின்னால் வந்து நடிகரோடு படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை மேடையிலிருந்தே ஏலம் விடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூபர்ட் சந்திலும் 44ஆம் தெருவிலும் இந்த அமைப்பின் சந்தை ஒன்று நடக்கும், 1987 முதல். பழைய பிளேபில், நாடகத்தில் பயன்படுத்திய பொருட்கள் எல்லாம் விற்பார்கள். கையெழுத்துக்கு ஒரு மேசை, படம் எடுக்க ஒரு பூத் இருக்கும். நன்கொடை கொடுத்தால் ஒரே நாளில் பல நடிகர்களைப் பார்த்துவிடலாம். உங்கள் பயணம் அந்த நேரத்தில் அமைந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். நாங்கள் வந்தது ஜூலை.

பிராட்வே என்ற பெயர் கட்டாயம் இல்லை என்றால் இன்னும் நெருக்கமான இடங்கள் உண்டு. 100 முதல் 499 இருக்கை வரை இருப்பவை ஆஃப்-பிராட்வே. 43ஆம் தெரு வெஸ்ட்சைட் தியேட்டரில் 2019 முதல் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' ஓடுகிறது, சுமார் 270 இருக்கைகள்தான். 54ஆம் தெருவில் ஸ்டுடியோ 54 கட்டடத்தின் அடித்தளத்தில் '54 பிலோ' என்ற சின்ன உணவகமும் இருக்கிறது. பிராட்வே நடிகர்கள் தனியாக வந்து பாடுவார்கள், சாப்பாட்டு மேசைக்குச் சில அடி தூரத்தில். நுழைவுக் கட்டணத்தோடு குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்ற விதியும் உண்டு. முடிந்ததும் பாடகர்கள் பலர் அங்கேயே நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். இசை கற்கிறவர்களுக்கு இது அருமையான இடம். அடுத்த முறை அக்கா மகள் வந்தால் அங்கேதான். இந்த முறை அவளுக்கு மேடையும் விளக்கும் திரையும் வேண்டியிருந்தது. லாப நோக்கமில்லாத நாடகக் கழகங்கள் சில நாட்களில் காட்சி முடிந்ததும் நடிகர்களை மேடையில் உட்காரவைத்துப் பார்வையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தேதி அமைந்தால் அதுவும் நல்ல வழி.

அந்த வெள்ளைத் தாள்

செவ்வாய் மாலை ஆறரைக்கே உள்ளே போய்விட்டோம். பிளேபில்லைத் திறந்ததும் சின்ன வெள்ளைத் தாள் ஒன்று மடியில் விழுந்தது. இன்றைய காட்சியில் இந்தப் பாத்திரத்தை இன்னார் நடிக்கிறார் என்று அச்சடித்திருந்தது. வழக்கமாக நடிப்பவர் வராவிட்டால் அதைத் தாளிலோ வாசல் பலகையிலோ ஒலிபெருக்கியிலோ பார்வையாளருக்கு அறிவித்தாக வேண்டும். அக்கா மகளின் முகம் வாடிவிட்டது. அந்தப் பாத்திரத்தின் பாட்டுகளை அவள் வழக்கமான நடிகையின் குரலில் நூறு முறை கேட்டிருக்கிறாள்.

இந்தத் தாளைப் பார்த்ததும் வருத்தப்படுகிறவர்கள் நிறைய. எனக்கு இதில் திடமான கருத்து இருக்கிறது. அண்டர்ஸ்டடி என்பவர் தினமும் சிறிய வேடத்தில் ஆடிக்கொண்டே பெரிய வேடத்தையும் கற்று வைத்திருப்பவர். ஸ்டேண்ட்பை மேடையேறாமல் தயாராகக் காத்திருப்பவர். ஸ்விங் என்பவர் குழுவில் இருக்கும் பல வேடங்களின் பாட்டு, அசைவு, நிற்கும் இடம் அத்தனையையும் ஒரே தலையில் வைத்திருப்பவர். 2021 டிசம்பர் 23 அன்று 'தி மியூசிக் மேன்' நாடகத்தில் கதாநாயகி சட்டன் ஃபாஸ்டர் வர முடியாமல் போனது. ஸ்விங்காக இருந்த கேத்தி வாய்ட்கோவுக்கு அன்று நண்பகலில்தான் தகவல் சொன்னார்கள். ஒரு மணிக்கு அந்த வேடத்துக்கு முதல் ஒத்திகை, அன்று இரவே மேடை. முடிந்ததும் கதாநாயகன் ஹியூ ஜாக்மன் அவரை முன்னால் அழைத்து நிறுத்தி, பிராட்வேயின் அடித்தளமே இவர்கள்தான் என்று சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் ஓமைக்ரான் பரவியபோது பல நாடகங்கள் நிற்காமல் ஓடியது இவர்களால்தான். இதையெல்லாம் விளக்கு அணைவதற்குள் அவள் காதில் சொல்லி முடித்தேன்.

அன்று பாடியவர் வேறு மாதிரி பாடினார். கேட்டுப் பழகிய இசைத்தட்டில் இருப்பதைவிட மெதுவாக, சில வரிகளைப் பேசுவதுபோல. இடைவேளையில் அக்கா மகள் அந்த வெள்ளைத் தாளை எடுத்து அவர் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

ஸ்டேஜ் டோரில் முப்பது, நாற்பது பேர் இருந்திருப்பார்கள். கையில் மார்க்கர் பேனா வைத்திருந்தோம். பிளேபில் அட்டை வழுவழுப்பானது, பால்பாயின்ட் எழுதாது. பிளேபில்லை முன்பே திறந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தால் அவர்களுக்கு நேரம் மிச்சமாகும். அவர்களைத் தொட வேண்டாம், பரிசுப் பொருள் வேண்டாம், அவர்கள் நடித்த வேறு எதையோ பற்றிப் பேச வேண்டாம், அன்று பார்த்ததைப் பற்றிப் பேசு என்று மட்டும் சொல்லியிருந்தேன். முதலில் வந்தது வாத்தியக்காரர் ஒருவர். யாரும் அவரை அழைக்கவில்லை. அவள் அழைத்தாள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று கையெழுத்துப் போட்டார், பெயரை எப்படி எழுதுவது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அடுத்து இரண்டு பேர் கையசைத்துவிட்டுப் போனார்கள். வரவே வராதவர்களும் உண்டு.

இருபது நிமிடம் கழித்து அன்றைய பதில் நடிகை வந்தார். தொப்பி, முதுகுப் பை, கையில் தண்ணீர் பாட்டில். முன்னால் நின்றவர்கள் பலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அக்கா மகள் பெயரைச் சொல்லி அழைத்தாள். அவர் நின்று திரும்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கையெழுத்துக்கு அவள் பிளேபில்லை நீட்டவில்லை. வெள்ளைத் தாளை நீட்டினாள். தொண்டைக் கேள்வியைக் கேட்டாள். பாடுவதற்கு முன்னால் நீராவி பிடிப்பது, காட்சி முடிந்த பிறகும் பத்து நிமிடம் மெல்ல முனகிக் குரலை இறக்குவது, அதற்கெல்லாம் மேலே தூக்கம் என்று அவர் சொன்னார். அப்புறம் அவரே கேட்டார், நீயும் பாடுவாயா என்று. கர்னாடக சங்கீதம் கற்றதையும் கல்லூரிக் குழுவையும் இவள் சொல்ல, விடிகாலையில் சாதகம் செய்வது எப்படி என்று அவர் திருப்பிக் கேட்க, மூன்று நிமிடமாவது போயிருக்கும்.

ரயில் செகாக்கஸ் நிலையத்தைத் தாண்டும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. தாளை மடிக்காமல் பிளேபில்லுக்கு நடுவில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல முனக ஆரம்பித்தாள்.

"என்னடி?" என்றேன்.

"குரலை இறக்குறேன் சித்தி" என்றாள்.